துறந்த பதவி

கடமலைக்குண்டில் இலவம்பஞ்சு வாணிபம் செய்த என் அத்தாவுக்கு, நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள்மீது ஒரேயொரு மனக்குறை இருந்தது. நாகூரில் 1921இல் பிறந்து, 1979இல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியான அப்பெருமகனார், 1981இல் கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது அங்குச் செல்லாது பதவியையே துறந்தார்.

“நம்மவர் ஒருவர் எட்டிய இடம், விட்டுவிடலாமா?” என்பார் அத்தா.

எனக்கு அது வியப்பளிக்கவில்லை. 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்து, மறைக்காது எழுதியவர் அல்லவா அவர்!

‘இஸ்லாமியருக்குக் கம்பராமாயணம் எதற்கு?’ என்று பள்ளிவாசல் திண்ணையில் எவரேனும் முணுமுணுத்தால், அத்தாவே அவருக்காக வாதாடுவார். வாலிவதம் குறித்து அவர் எழுதியதை இருமுறை படித்தவர்.

2005இல் மறைவுச் செய்தி வந்தபோது, துஆச் செய்து முடித்த அத்தா, “அந்த மாற்றல் உத்தரவை மட்டும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.