ஒரே அலைவரிசை

பாண்டுப்பில் வாழும் சிறுவன் ஒருவன், ஞாயிறுதோறும் பிளேஸ்டேஷன் 3 வழியே திருநெல்வேலியிலுள்ள அத்தை மகனோடு விளையாடுவான். அவன் வாய்நிறையத் தமிழ் பேசும் நேரம் அதுவே.

வீட்டில் புதிய ரௌட்டர் பொருத்தியபின் அவ்விணைப்பு அற்றது. கைப்பேசிகள் இயங்கின, விளையாட்டுக் கருவி மட்டும் வைஃபையின் பெயரையே காட்டவில்லை. "பழசு, எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் தந்தை.

அக்காள் ஆராய்ந்தாள். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே இயக்கப்பட்டிருந்தது, அக்கருவியோ 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே ஏற்கும். அது வேகத்தில் குறைந்தது; எனினும் சுவர்களை எளிதில் கடந்து தொலைவு செல்லும். "கருவியில் பழுதில்லை, அப்பா, அலைவரிசைதான் வேறு" என்று கூறி, அதனையும் இயக்கினாள்.

"ஏலே, எங்க போயிட்ட?" என நெல்லைக் குரல் ஒலித்தது.

"இங்கதாம்ல இருக்கேன்!" என்றான் சிறுவன்.