இரண்டு ஆறு

பள்ளிக்கூடம் விட்டதும் புது மண்டபத்துக்கு ஓடிவிடுவேன். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கல்தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலம். அங்கே அத்தைக்கு ஒரு வளையல் கடை. ஃபிரோசாபாத் கண்ணாடி வளையல்கள், டஜன் டஜனாக நூலில் கட்டி வந்து இறங்கும்.

யார் வந்தாலும் அத்தை அளவு கேட்கமாட்டார். "கையக் குடு தாயி" என்று விரல்களைச் சேர்த்து ஒரு அமுக்கு. "ரெண்டு ஆறு" என்பார். உள்விட்டம் 2 அங்குலம், அதற்கு மேல் அங்குலத்தை 16 ஆக்கினால் அதில் 6 பங்கு. ஒருநாளும் தப்பியதில்லை.

விற்ற அளவுகளை நோட்டில் கோடு போட்டு வைப்பது என் வேலை. ஒரு மாலை 2-2 ஒருவர், 2-4 மூவர், 2-6 ஆறு பேர், 2-8 இருவர். அன்றுதான் வகுப்பில் கூட்டுச் சராசரி நடத்தியிருந்தார்கள். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஐந்தரை வந்தது. "அந்த அளவுக் கை யாருக்குடி இருக்கு? ரெண்டு ஆறுல பாதிச் சரக்கு எடுக்கணும்னு எழுது" என்றார் அத்தை. பிறகு டீச்சர் முகடு நடத்தியபோது, அதிகத் தடவை வருவது என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு அத்தையின் கொள்முதல் சீட்டு கண்ணில் நின்றது. கண்ணாடி நெகிழாது. ஐந்தரைக்கு எந்தக் கையும் இணங்காது.

சித்திரைத் திருவிழா வாரத்தில் ஆறு நாள் விற்பனை 80, 90, 100, 110, 120, 130 ரூபாய். திருக்கல்யாணத்தன்று மட்டும் 1,470. தண்டல்காரர் மொத்தம் 2,100ஐ ஏழால் வகுத்து, "நாளைக்கு 300 விக்குதேம்மா, தவணையக் கூட்டிக் கட்டுங்க" என்றார். அந்த ஏழு நாளில் 300 ரூபாய் விற்ற நாளே கிடையாது. வரிசையில் நடுவில் நிற்பது 110. இடைநிலை என்ற பெயர் அத்தைக்குத் தெரியாது. ஆனாலும் அதை வைத்துத்தான் பேசினார். "திருவிழா தெனமுமா வருது? சாதாரண நாள வச்சுச் சொல்லுங்கண்ணே."

சரக்குக்குப் பணம் ஒதுக்கும்போது மட்டும் திருவிழாக் காசையும் விடாமல் கூட்டுவார். அங்கே மொத்தம்தான் பேசும். தண்டல் தவணை பழையபடியே நின்றது.