ஒன்பது சொற்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியால் போகும்போதெல்லாம் ஜோசப் சலூனுக்கு முன்னால் என் சைக்கிள் மெதுவாகும். அங்கே தலைமயிர் வெட்டிய டொமினிக் ஜீவாவின் கைதான் 'தண்ணீரும் கண்ணீரும்' கதைகளை எழுதியது. அந்தத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. வகுப்பறையில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டு, இளவயதிலேயே பள்ளியை விட்ட அவர், 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கினார்.

வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, கையில் மல்லிகைக் கட்டோடு அவர் நடந்து வருவது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆசிரியரும் அவர்தான், வீதியில் கொண்டு திரிந்து விற்பவரும் அவர்தான். நானும் ஒன்று வாங்கினேன். அட்டையில் ஓர் எழுத்தாளரின் முகம். நடிகர்களின் முகங்களையே அட்டைகளில் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்.

அன்றிரவே கொப்பியை விரித்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரே இருப்பில் ஒரு கதை எழுதி முடித்தேன். எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். அச்சடிப்பதைப் பார்க்க அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். அச்சுக்கோக்கும் அண்ணை, பெட்டி அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கதையை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, இந்தப் பக்கத்தில மட்டும் ஒன்பது இடத்தில 'மிகவும்' எண்டு கிடக்கு. எல்லாம் வேணுமோ?"

முகம் சுட்டது. வாங்கில் இருந்து வாசித்துப் பார்த்தேன். ஒன்பதையும் வெட்டினேன். கதையில் ஒன்றும் குறையவில்லை. வாசிக்கும்போது மூச்சு வாங்காமல் ஓடியது. ஒரு சொல்லுக்கு எடை உண்டு, அதை யாரோ ஒருவர் கையால் தூக்குகிறார் என்று அன்றுதான் விளங்கியது. மலர் அச்சாகி முடிந்ததும் அண்ணை அந்த எழுத்துகளைப் பிரித்து மறுபடியும் பெட்டிக்குள் போட்டார், அடுத்த வேலைக்காக.

அடுத்த வேலை. எழுத்து வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. நல்ல மனநிலை வரட்டும் என்று ஜீவா காத்திருக்கவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கடதாசி கிடைக்காதபோது பள்ளிக் கொப்பித்தாளில் மல்லிகையை அச்சிட்டார். பிறகு கொழும்புக்குப் போயும் விடவில்லை. 2012இல் நின்றபோது மல்லிகை 401 இதழ்களைக் கண்டிருந்தது. 2021 ஜனவரியில் அவர் காலமானார்.

அந்த அச்சுக்கூடம் இப்போது இல்லை. அண்ணையும் இல்லை. இன்றைக்குச் சொற்களை யாரும் பொறுக்கி அடுக்க வேண்டியதில்லை. விரல் பட்டால் பக்கம் நிறைகிறது. ஆனாலும் எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்திலும் "எல்லாம் வேணுமோ?" என்ற குரல் எனக்குக் கேட்கிறது.

எழுத வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எழுதியதைத் திருப்பி வாசியுங்கள். வேண்டாத சொல்லை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதமும் எழுதுங்கள்.