ராத்திரியில் ரத்தம் எடுப்பது ஏன்?



ஒரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான். "சார், யானைக்கால் பரிசோதனைன்னு ராத்திரியில வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுக்கிறாங்க. பகல்ல வந்தா ஆகாதா? எனக்கு நாலு வருஷமா நைட் ஷிப்ட்தான்." அருமையான கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் அன்றைய பாடத்தையே மாற்றியிருப்பேன்.

யானைக்காலுக்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். நம் நிணநீர்க் குழாய்களில் ஐந்தாறு வருஷம் குடியிருந்து லட்சக்கணக்கில் குஞ்சுகளை ரத்தத்தில் விடும். இப்படி இடம் கொடுக்கும் உயிருக்குப் பாடநூலில் 'விருந்தோம்பி' என்று பெயர். எத்தனை தாராளமான பெயர் பாருங்கள்!

குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் பதுங்கிவிடும். இரவு 10 முதல் 2 மணி வரைதான் தோலை ஒட்டிய ரத்தத்துக்குக் கூட்டமாக வரும். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரம் அது. பசிபிக் தீவுகளில் பகலில் கடிக்கும் கொசு இதைப் பரப்புகிறது. அங்கே இதே புழுவின் குஞ்சுகள் பகலில்தான் அதிகம் தென்படும்.

கொசுவும் பாவம்தான். உள்ளே போன குஞ்சு அதன் வயிற்றைத் துளைத்து, பறப்பதற்கான தசைக்குள் புகுந்து, பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, பிறகு வாய்ப்பக்கம் வருகிறது. அளவுக்கு மேல் குஞ்சுகள் புகுந்தால் கொசுவே செத்துப்போகும். இந்தக் கொசுத் தொடர்பை 1877இல் சீனாவின் அமோயில் கண்டவர் பேட்ரிக் மேன்சன். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் வெகுகாலம் நினைத்தார். கடிதான் வழி என்று தெரிய 1900 ஆயிற்று.

ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாளில் குஞ்சுகளும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வெளியே வந்தன! புழு பார்ப்பது சுவர்க் கடிகாரத்தை அல்ல, நம் தூக்கத்தை. ஆகவே நிரந்தர நைட் ஷிப்ட்காரருக்கு ராத்திரி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். புழுவின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் அட்டைப் பரிசோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்நேரமும் செய்யலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். வாலாஜாபாத் அத்தைக்கு இடது கால். குழித்தறியில் உட்கார்ந்தால் கால் குழிக்குள் மறைந்துவிடும். பட்டு நெய்யும் அத்தையை மட்டும்தான் ஊர் பார்த்தது. எங்கள் கல்யாணம் ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைப்பார். இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வதும் அதைத்தான். புழு உள்ளே இருக்கும்போது பெரும்பாலோருக்கு வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. அப்போதே கண்டுபிடித்தால் மாத்திரை போதும். அத்தைக்கு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் லைன் வீடுகளில் பீகார், ஒடிசாப் பையன்கள் நிறைய. அங்கேயும் இந்த நோய் உண்டு. சுகாதார ஊழியர் வந்தால் "அவங்க தூங்குறாங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். எழுப்பிவிடுங்கள். எந்த ஷிப்ட் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.