ஹெலிகாப்டருக்குப் பிறகு

ஃபர்பிடன் ஐலண்ட் போர்டு கேமில் யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது. 24 அட்டைகளாலான தீவு மூழ்கிக்கொண்டே இருக்கும். நான்கு பொக்கிஷங்களோடு எல்லோரும் ஹெலிகாப்டர் ஏறினால் எல்லோருக்கும் வெற்றி. ஒருவர் மூழ்கினாலும் ஆட்டம் காலி. சிங்கப்பூரில், தேக்காவுக்குப் பக்கத்து வாடகை வீட்டில், 2020இல் ஊரே அடைந்து கிடந்த மாதங்களில் நாங்கள் நாலு பேரும் இதைத்தான் ஆடினோம்.

பொக்கிஷங்களுக்குக் களவுபோன கோயில் சிலைகளின் பெயர்களை வைத்தவன் எங்களில் ஒருவனான அரியலூர்க்காரன். காற்றுச் சிலை அவன் ஊர்ப்பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர். கிண்ணம், லண்டனில் வழக்காடி 1991இல் மீண்ட பத்தூர் நடராஜர். நெருப்புப் படிகம், சிட்னி வரை போன விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர். மிச்சமிருந்த கல்லை மயிலாடுதுறை அண்ணன் ஆனந்தமங்கலம் ராமருக்கு எழுதி வைத்தார். அந்த செப்டம்பரிலேயே ராமர், லட்சுமணர், சீதை மூவரையும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார்கள். தானே போய் மீட்டுவந்த மாதிரி அண்ணன் ஒரு வாரம் நடந்தார். எவ்வளவு தூரத்திலிருந்தும் அடுத்தவருக்குச் சீட்டு தரக்கூடிய மெசஞ்சர் பாத்திரத்துக்கு ‘பாண்டிச்சேரி போட்டோ’ என்று பெயர். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் எடுத்த படங்கள்தானே ராமர் எந்தக் கோயில்காரர் என்று காட்டிக்கொடுத்தன!

வெள்ளம் உயரும் சீட்டு வந்தால், ஏற்கெனவே நனைந்த இடங்களின் சீட்டுகளையே கலைத்து மறுபடி மேலே வைக்க வேண்டும். நனைந்த இடமே திரும்ப நனைந்து காணாமல் போகும். அப்போதெல்லாம் அரியலூர்க்காரன் ஆரம்பித்துவிடுவான்: பூட்டிக் கிடந்த கோயில், 2006இல் தவணை தவணையாகத் திருட்டு, ஊருக்குத் தெரிந்ததோ 2008இல். அதற்குள் நடராஜர் கான்பெராவில், சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு.

2014இல் அவர் திரும்பிவந்ததையும் அவன் வெற்றியாக ஒப்புக்கொள்ளவில்லை. “ஹெலிகாப்டர் ஏறினா முடிஞ்சுதா? கும்பகோணம் காப்பகத்துலல்ல வச்சிருக்காங்க!” அதனால் ஒரு விதி சேர்த்தான். ஓர் அட்டை கருவறை; கடைசிவரை அது மூழ்காமல் இருந்தால்தான் ஜெயம். அதற்குப் பிறகு நாங்கள் ஜெயித்ததாக நினைவில்லை.

இப்படிக் கூடி ஆடும் ஆட்டங்களில் ஒரு வியாதி உண்டு: ஒருவரே நாலு பேருக்கும் ஆடிவிடுவார். எங்களுக்கு அது அண்ணன். என் கையை எட்டிப் பார்த்து, “தம்பி, அத அவன்ட்ட குடு, நீ நனஞ்ச எடத்தக் காப்பாத்து” என்பார். “அண்ணே, என் சீட்ட நீங்க ஆடாதீங்க” என்று தினமும் கத்துவேன். அந்தச் சண்டைக்காகவே இன்னொரு முறை அங்கே போய் வாடகை கட்டலாம் போலிருக்கிறது.

சென்னைக்கு வந்ததும் அதே ஆட்டத்தை வாங்கினேன். அக்கா பிள்ளைகள் முதலில் கேட்டது, “யார் ஜெயிச்சா மாமா?” விளக்கிச் சொன்னேன், சமர்த்தாக ஆடுகிறார்கள். என் சீட்டை நானே விரித்துக் காட்டி எதைப் போடட்டும் என்றால், “உங்க இஷ்டம் மாமா” என்கிறார்கள்.