படம் வரைந்தால் பருப்பு வேகுமா?

பெண் வீட்டில் முதலில் கேட்பது, "மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"படம் வரையறார்" என்று சொல்லிப் பாருங்கள். "அது சரி... வேலைக்கு எங்கே போறார்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அதிலும், "ஆளுங்க படம் இல்லீங்க. கடல், வயல், மரம், மட்டை... இந்த மாதிரி இயற்கைக் காட்சி" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கேசரி உள்ளேயே நின்றுவிடும்.

நியாயம்தான் சார். முகம் வரைகிறவனுக்காவது, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் காசு கொடுப்பார். பனை மரத்தை வரைந்தால் பனை மரமா பர்ஸைத் திறக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற சாலை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை. நாமெல்லாம் பிரியாணிக்கும், முதலைப் பண்ணைக்கும், ஆபீஸ் பார்ட்டிக்கும் போய்வருகிற அதே சாலைதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருவான்மியூரில் பஸ் ஏறினேன். கூட என் அக்கா பையன். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை, மாதம் 40,000 ரூபாய் சம்பளம், ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்டர் கலர். அவன் தோள் பையில் பிரஷ், பேப்பர், மடக்கு ஸ்டூல்... அவற்றோடு டைப் அடித்து மடித்த ராஜினாமாக் கடிதம்.

"நீ கூடப் போ. நாலு நல்ல வார்த்தை சொல்லு" என்று அக்கா அனுப்பியிருந்தாள். அக்கா அகராதியில் 'நல்ல வார்த்தை' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

முதலில் இறங்கியது ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம். மெயின் ரோட்டின் ஹாரன் சத்தம் கேட்டைத் தாண்டியதும் பாதியாகிறது. மரங்கள், நடுநடுவே கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள், அப்பால் ஓவியர்களின் வீடுகள்.

இதைத் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கவனியுங்கள், இவரும் நம்ம கட்சிதான். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டு 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். ஆரம்ப நாளில் அவர் பெயர் வாங்கியது வாட்டர் கலரில் வரைந்த இயற்கைக் காட்சிகளால்தான். எழுத்தும் குறியீடுமாக நிரம்பிய அவருடைய புகழ்பெற்ற ஓவியங்கள் எல்லாம் பிறகு, 1960-களில் வந்தவை.

படித்த பள்ளிக்கே பின்னால் தலைவர் ஆனார். அங்கே அவரை உறுத்திய விஷயம் ஒன்று. நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் என்ன ஆகிறார்கள்? விளம்பரக் கம்பெனி, துணி டிசைன், ஏதோ ஒரு குமாஸ்தா வேலை. பிரஷ் பரணுக்குப் போய்விடுகிறது.

அதற்கு அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி பத்திக். மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலை. ஓவியத்தை மாட்டச் சுவர் தேடுகிறவர்கள் குறைவு. அழகான துணி என்றால் வாங்க ஆள் உண்டு. மற்ற நேரத்தில் கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்துத்தான் 1966-ல் இங்கே சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். யாரும் தானம் கொடுத்த நிலம் இல்லை. அன்றைக்கு இந்தப் பக்கம் வெறும் மணல், சவுக்கு, கடல். முதலில் குடிசைகள், வீடுகள் பிறகு.

பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இருக்கிறது. 2009-ல் அங்கே ஒரு மியூசியமும் வந்தது. சென்னை ஓவியர்கள் என்ன சாதித்தார்கள் என்று ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். நம் ஊரில் கல்யாண வரவேற்பைப் பார்க்க மூன்று மணி நேரம் கியூவில் நிற்கிறோம். இதற்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

"பார்த்தியா மாமா? முடியும்னு நிரூபிச்சிருக்காங்க" என்றான் பையன்.

"பார்த்தேன்டா. படம் வரைஞ்சு நிலம் வாங்கலை. துணிக்குச் சாயம் போட்டு வாங்கினாங்க."

பதில் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறும்வரை அவன் பேசவே இல்லை.

மாமல்லபுரத்தில் ராத்திரி ஒரு சின்ன லாட்ஜில் அறை. ஃபேன் சத்தத்தில் தூக்கம் வராததால், அவன் டேனியல் கதையை எடுத்துவிட்டான்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல். சித்தப்பாவும் அண்ணன் பையனுமோ, பெரியப்பாவும் தம்பி பையனுமோ... இங்கிலீஷ்காரனுக்கு எல்லாமே 'அங்கிள்'தானே! தாமஸின் குடும்பம் சத்திரம் நடத்திய குடும்பம். அவர் முதலில் கற்றது குதிரை வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில். லண்டனில் இயற்கைக் காட்சி வரைந்து பிழைக்க முடியவில்லை. 1785-ல் பையனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி, 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது வில்லியமுக்குப் பதினாறு வயசு.

கம்பெனியார் வந்து போக அனுமதி கொடுத்தார்களே தவிர, சம்பளம் கிடையாது. உள்ளூர்க் கைவினைஞர்களைக் கூட வைத்துக்கொண்டு, கல்கத்தா காட்சிகள் பன்னிரண்டைச் செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து விற்றார்கள். அந்தக் காசில் வட இந்தியா சுற்றினார்கள். திரும்பி வந்ததும் கைவசம் இருந்த ஓவியங்களை எப்படி விற்றார்கள் தெரியுமா? லாட்டரி! சீட்டு வாங்கினால், குலுக்கலில் விழுகிறவருக்கு ஓவியம். 1791-ல் கல்கத்தாவில் நடந்த அந்தக் குலுக்கல் பணத்தில்தான் 1792-ல் நம்ம பக்கம் வந்தார்கள். திருச்சி மலைக்கோட்டை, மதுரை, பாபநாசம் அருவி, இந்த மாமல்லபுரம் எல்லாம் வரைந்தார்கள். 1793-ல் சென்னையில் இன்னொரு லாட்டரி. (இப்போது யாரும் முயற்சி செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை போட்டாகிவிட்டது. ஓவியத்துக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும்!)

உண்மையான வியாபாரம் ஊருக்குத் திரும்பின பிறகுதான். 1795-லிருந்து 1808 வரை, 144 இந்தியக் காட்சிகளை அச்சடித்து, வண்ணம் தீட்டி, தாங்களே வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பு 210 பவுன். ஒரு ஓவியத்தை ஒருவருக்குத்தான் விற்க முடியும். அச்சை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அவர்களுடைய பருப்பு வெந்தது அந்த அடுப்பில்.

"உன் கணக்கு என்னடா?" என்றேன்.

போனை எடுத்துக் காட்டினான். போன வருஷம் வரைந்தது 41. விற்றது 17. வரவு 38,000. பேப்பர், கலர், ஃபிரேம், பஸ் செலவு 21,000. மிச்சம் 17,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஆயிரத்து நானூறு சொச்சம்.

"இதை கேலரியிலே குடுத்தா கமிஷன் போயிடும் மாமா. சில இடத்துலே மூணுலே ஒரு பங்கு, சில இடத்துலே பாதி. அதான் நானே நேரா விக்கறேன்."

"கமிஷன் இல்லாமலே ஆயிரத்து நானூறுதானேடா?"

ஃபேன் மட்டும் பேசியது.

காலை ஐந்தே முக்காலுக்கு மீனவர் குப்பத்துக் கரையில் இருந்தோம். அவன் வேலை செய்வதை நான் அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் நினைத்ததுபோல் 'கற்பனையில் மிதக்கிற' சமாச்சாரம் எதுவும் இல்லை. சுத்தமான கொத்தனார் வேலை. பேப்பரின் நாலு பக்கமும் டேப். குடிதண்ணீர் பாட்டிலை வெட்டி இரண்டு கோப்பை. ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று நல்ல தண்ணி. கண்ணை இடுக்கிக்கொண்டு இருட்டு எது, வெளிச்சம் எது என்று பென்சிலில் ஒரு சின்னக் குறிப்பு. அப்புறம் பேப்பரை நனைத்து வானம்.

"அலையிலே நுரை வெள்ளையா இருக்கே, அதுக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.

"கலரே இல்லை. பேப்பரை அப்படியே விடணும். தெரியாம அங்கே பிரஷ் பட்டா போச்சு."

சூரியன் ஏறினால் படகின் நிழல் நகர்ந்துவிடும். அதனால் நிழல்களை முதலில் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் முடிக்காவிட்டால் வேறொரு படம்தான் கண்முன் இருக்கும். நடுவில் காற்று மணலை அள்ளி ஈர வானத்தில் போட்டது. காக்கை ஒன்று நல்ல தண்ணியைக் குடித்துவிட்டுப் போனது. வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "படகு நல்லாருக்கு தம்பி. கயிறு எங்கே? கட்டாம விட்டா கடலுக்குல்ல போயிரும்?" என்றார். பையன் மறுபேச்சுப் பேசாமல் கயிறு போட்டான். உண்மையிலேயே அதற்குப் பிறகுதான் படகு மணலில் நின்றது!

ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, "எங்க நாலு பேரையும் இதுலே நிக்க வெச்சு வரைவீங்களா?" என்று கேட்டது. இன்னொருவர், "சாமி படம் இல்லியா?" என்றார். மூன்றாமவர் விலை கேட்டுவிட்டு, "பிரிண்ட் கடையிலே இருநூறு ரூபாதானே!" என்று போய்விட்டார்.

லாட்ஜைக் காலி பண்ணும்போதுதான் விஷயம் வந்தது. ஈரம் காய்வதற்காக வராந்தாவில் வைத்திருந்த படத்தை ஓனர் பார்த்தார்.

"என்ன விலை தம்பி?"

"3,300."

"எப்படி வந்தது இந்தக் கணக்கு?"

"பதினொண்ணுக்குப் பதினஞ்சு அங்குலம். சதுர அங்குலம் 20 ரூபாய். எல்லாப் படத்துக்கும் அதே ரேட்தான் சார்."

ஓனர் யோசித்தார். "ஆறு ரூம் இருக்கு. ஆறு படம் குடு. ஒண்ணு 1,000 வெச்சுக்கோ. மொத்தம் 6,000. இப்பவே ஜி-பே பண்றேன்."

ஆறாயிரம்! அவனுடைய நாலு மாச மிச்சம். நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"ஒரிஜினல் அந்த விலைக்கு வராது சார். இது வேணும்னா 3,300-க்கு ரிசப்ஷன்லே மாட்டுங்க. ரூமுக்கெல்லாம் இதோட நல்ல பிரிண்ட் போட்டு, கையெழுத்தும் போட்டுத் தரேன். ஒண்ணு 450. ஆறுக்கு 2,700. மொத்தமும் சேர்த்து அதே 6,000-தான்."

ஓனர் சிரித்தார். "படிச்ச பையன்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

அந்த நிமிஷம் எனக்கு அந்த வராந்தாவில் மூன்று பேர் தெரிந்தார்கள். தாமஸ், வில்லியம், கொஞ்சம் தள்ளி பத்திக் துணியோடு பணிக்கர். ஓவியத்தை மட்டும் நம்பி யாரும் பிழைக்கவில்லை. ஓவியத்தை விலை குறைக்காமல் காப்பாற்ற, பக்கத்திலேயே இன்னொரு அடுப்பையும் மூட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கடிதத்தை எடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. தேதி போடும் இடத்தில் சின்னதாகப் பென்சிலில் எழுதினான்: 'தொடர்ந்து ஆறு மாசம் 15,000 மிச்சம் வந்த பிறகு.' மடித்து உள்ளே வைத்துவிட்டான்.

ராத்திரி அக்காவிடமிருந்து போன். "என்னடா, பேசினியா?"

"பேசினேன் அக்கா. இப்போதைக்கு வேலையை விடலை."

"அப்பாடா! கடல் பக்கம் எதாவது வரைஞ்சானா?"

"வரைஞ்சான். வித்துட்டான். 3,300. பிரிண்ட் தனி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அடப்பாவி! பெத்தவளுக்கு ஒரு படம் சும்மா தரணும்னு தோணிச்சா பாரு அவனுக்கு!"

படம் வரைகிறவன் வேலையை விடலாமா கூடாதா என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது போலிருக்கிறது. சொந்தக்காரர்கள் காசு கொடுத்து வாங்க ஆரம்பிக்கும் நாளில், தைரியமாகத் தேதி போடலாம்!