நிரல் பிறழ்ந்த ஒரு சொல்

'நிரல்' என்பதற்கு வரிசை என்பதே பழம்பொருள். கணினியின் ஆணைத்தொடருக்கும் அச்சொல்லே வழங்கலானது. ஆயினும், எங்கள் நிரலில் வரிசை பிறழ்ந்ததால் ஒரு சிறுகதையை இழந்தோம்.

நாங்கள் நால்வர். பழைய சிற்றிதழ்க் கதைகளைத் தட்டச்சு செய்து சேமித்துவந்தோம். கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுக்கச் சிறு நிரலொன்றை எழுதியிருந்தோம். திரையில் இடப்புறம் கதையின் பெயரும், வலப்புறம் 'முடிந்தது' அல்லது 'தோல்வி' என்ற சொல்லும் வரும். பெயருக்கு 30 இடம் ஒதுக்கியிருந்தோம்.

ஆங்கிலப் பெயர்களுக்கு எல்லாம் நேராகவே நின்றன. தமிழ்ப் பெயர்கள் வந்ததும் வலப்பத்தி பல்வரிசைபோல் ஏறி இறங்கியது. காரணம் எளியது. பாஷ் ஓட்டின் பிரிண்ட்எஃப் கட்டளை எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. 'அம்மா' நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. பத்துக் குறியீட்டைத் தொட்ட பெயருக்கு இடைவெளியே கிடைக்காது. தலைப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும் விடை.

அழகுக் குறைதானே என்று விட்டுவிட்டோம். அந்தக் கலைசலுக்குள் ஒரே ஒரு 'தோல்வி' இருந்ததை நால்வருமே காணவில்லை. பழைய வட்டை அழித்துவிட்டோம். இதழை இரவல் தந்த பெரியவர் அதற்குள் மறைந்திருந்தார். அவர் சேர்த்த இதழ்கள் எடைக்குப் போயிருந்தன.

பின்னர் பைத்தானுக்கு மாறிப் பார்த்தோம். அது குறியீடுகளை எண்ணியது. புள்ளிக்கும் ஓரிடம் தந்தது. புள்ளிக்கு அகலமில்லை என்று சொல்லிக்கொடுத்தாலும், 'ணை', 'கௌ' போன்றவற்றை எழுத்துரு தன் விருப்பப்படி அகலமாக்கியது. அந்நாளைய ரெட் ஹாட் லினக்ஸ், தொடங்கும்போது சுட்டியை 60ஆம் பத்திக்கே நகர்த்தி விடையை எழுதும். அதுவும் நல்ல வழிதான். நீண்ட தலைப்பு வந்தால் அதன்மேலேயே எழுதிவிடும்.

இறுதியில் விடையை முன்னுக்குக் கொண்டுவந்தோம். வரியின் தொடக்கத்தில் ஒற்றைக் குறி. அதன்பின் பெயர், எவ்வளவு நீண்டாலும் சரி. தோல்விகளை மட்டும் கடைசியில் மறுபடி பட்டியலிடச் செய்தோம்.

நிரல்நிறை என்றோர் அணி நமக்கு உண்டு. பொருள்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரியவற்றை மறுவரிசையிலும் வைப்பது. 45ஆம் குறளுக்குப் பரிமேலழகர் அதைச் சுட்டுகிறார். இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதை இலக்கணத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள். திரையில்தான் மறந்துபோனோம்.